அரிட்டாபட்டிக்குப் பிறகு: மேலூர்ப் பக்கம் குவாரி மனு வந்தால் ஊர் எதைப் பார்க்கணும்?

ஒருபோகம் எழுதியது:

அரிட்டாபட்டியையும் சேர்த்து மேலூர்ப் பக்கம் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2015.51 ஹெக்டேர். 2024 நவம்பர் 7-ல் ஏல முடிவு, டிசம்பர் 9-ல் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7-ல் மேலூரிலிருந்து மதுரைக்குப் பேரணி, ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஐயாயிரம் ஏக்கர் போகிறது என்றால் ஊர் கூடிவிடுகிறது. ஒன்றரை ஹெக்டேர் உடைகல் குவாரி என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்மாய்க்கு மேலே வருகிற சின்னக் குவாரிகள் ஒவ்வொன்றாக வந்தே வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் வரும் வாய்க்கால்) அடைபடுகிறது.

கிராமசபையில் எழுவது இரண்டே குரல்: "வேண்டவே வேண்டாம்", "பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்". இரண்டுமே மனுவைப் படிக்காமல் எழுகிற குரல். படிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வசதிக்கு ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 150-க்கு 100 மீட்டர், அதாவது 1.5 ஹெக்டேர் பட்டா நிலம். மலையடிவாரம், கீழே ஒன்றியக் கண்மாய். ஆழம் 45 மீட்டர், ஐந்து ஆண்டில் 3 லட்சம் கன மீட்டர் உடைகல். 500 மீட்டருக்குள் 2 ஹெக்டேரிலும் 1.9 ஹெக்டேரிலும் ஏற்கெனவே இரண்டு குவாரிகள். முதலில் எந்தத் தாளைக் கேட்கணும்?

பிரிவு16 எழுதியது:

முதல் தாள் "500 மீட்டர் கடிதம்". மாவட்டக் கனிமவளத் துறை உதவி இயக்குநர் தருவது. சுற்றிலும் எத்தனை குத்தகை, எவ்வளவு பரப்பு, எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்று அதில் இருக்கும். உங்கள் உதாரணத்தில் எல்லாமே இந்தக் கடிதத்தில்தான் தொங்குகிறது.

ஏனென்றால் தனியாகப் பார்த்தால் 1.5 ஹெக்டேர் ஐந்துக்குக் கீழே. அது பி2 வகை; கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. மூன்றையும் கூட்டினால் 5.4. ஐந்தைத் தாண்டிய கூட்டுக் குவாரி என்றால் பி1 வகை. முழுத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் கருத்துக்கேட்பும் கட்டாயம். 5 ஹெக்டேருக்குக் கீழே இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்பதே 2012 பிப்ரவரி 27-ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு வந்ததுதான். அதற்கு முன் அந்த அளவுள்ள சிறு கனிமக் குவாரிகள் அந்த வலைக்குள் வராமலே தப்பின.

கவனிக்க வேண்டிய ஓட்டை ஒன்று உண்டு. 2013 செப்டம்பர் 9-க்குப் பிறகு வழங்கப்பட்ட குத்தகைகளைத்தான் கூட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள். பக்கத்துக் குவாரி அதற்கு முந்தையது என்று காட்டிவிட்டால் 5.4 என்பது 3.5 ஆகவோ 3.4 ஆகவோ சுருங்கிவிடும். ஆகவே தேதியைக் கேளுங்கள். தூரத்தை எல்லையிலிருந்து எல்லைக்கு அளக்கணும், நடுப்புள்ளியிலிருந்து அல்ல. 520 மீட்டர் என்று எழுதியிருந்தால் புல வரைபடத்தை வாங்கி நீங்களே அளந்து பாருங்கள்.

இரண்டாவது தாள் வி.ஏ.ஓ. தரும் 300 மீட்டர் சான்று. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி கூடாது என்பது 1959-ம் ஆண்டு சிறு கனிமச் சலுகை விதிகளில் 36-வது விதி. பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டரும் புறம்போக்குக்கு 10 மீட்டரும் தொடாமல் விடணும். வரத்துக்கால் பெரும்பாலும் புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். அ பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) அந்தச் சர்வே எண்ணுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மனுவில் ஓடை இல்லை என்று சொன்னாலும் பதிவேடு சொல்லிவிடும்.

நீலக்கல் எழுதியது:

கல்லை உடைத்து விற்கும் தரப்பிலிருந்து எழுதுகிறேன். மதுரையில் வீடு, பாலம், சாலை எதுவானாலும் ஜல்லி வேண்டும், எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) வேண்டும். ஆற்று மணல் அள்ளி வைகையைக் கெடுத்தது போதும் என்று நாம் எல்லோரும் சொன்னோம். அந்தப் பாரம் முழுக்க மலைக்கு வந்துவிட்டது. குவாரியே வேண்டாம் என்றால் கல் வேறு மாவட்டத்திலிருந்து டீசல் எரித்துக்கொண்டு வரும், அவ்வளவுதான். அதனால் ஒழுங்கான குவாரியையும் ஒழுங்கில்லாததையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

அதற்கு உங்கள் உதாரணமே போதும். 150-க்கு 100. நாலு பக்கமும் 7.5 மீட்டர் விட்டால் 135-க்கு 85. குவாரியை நேராகக் கிணறு மாதிரி வெட்டக்கூடாது. 5 மீட்டர் உயரத்துக்கு ஒரு படி, படிக்கு 5 மீட்டர் அகலம் விட்டு இறங்கணும். ஒவ்வொரு படிக்கும் நீளத்திலும் அகலத்திலும் பத்துப் பத்து மீட்டர் குறையும். 45 மீட்டருக்கு ஒன்பது படி. அடியில் மிஞ்சுவது 55-க்கு 5 மீட்டர், ஒரு வாய்க்கால் அகலம். ஒன்பது படியையும் கூட்டினால் வருவது சுமார் 2.22 லட்சம் கன மீட்டர். மனுவில் 3 லட்சம் என்று இருக்கிறது!

அந்த 78 ஆயிரம் எங்கிருந்து வரும்? ஒன்று, படி விடாமல் செங்குத்தாக வெட்டுவார்கள் (படியே விடாவிட்டால் 5.16 லட்சம் கிடைக்கும்). அல்லது 7.5 மீட்டரைத் தின்பார்கள். அல்லது பக்கத்தில் வெட்டி இந்தக் குவாரியின் நடைச்சீட்டில் (கல் ஏற்றிப்போகும் அனுமதிச் சீட்டு) ஓட்டுவார்கள். மூன்றில் எது நடந்தாலும் ஊருக்கு ஆபத்து. செங்குத்துச் சுவர் மழைக்காலத்தில் சரியும். கல்லில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கி, பாளம் பாளமாக விழும். குவாரித் திட்டத்தின் குறுக்குவெட்டுப் படத்தை வாங்கி இந்தக் கூட்டலைப் போடுங்கள். பத்து நிமிட வேலை.

கண்மாய்க்கரை எழுதியது:

நீலக்கல் அண்ணன் சொன்ன கணக்கு அருமை. தண்ணீர்ப் பக்கத்தை நான் சொல்கிறேன், இதில்தான் அறிக்கைகள் அதிகம் வழுக்குகின்றன.

தாக்க மதிப்பீட்டுக்கு ஒரு பருவத் தரவு போதும், அதுவும் மழைக்காலம் அல்லாத பருவம் என்பது விதி. வட நாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பெரியாறு கால்வாயின் ஒருபோகப் பாசனத்துக்கும் (85,563 ஏக்கர்) தண்ணீர் திறப்பது மழைக்காலத்தை ஒட்டித்தான். மார்ச் முதல் மே வரை வந்து பார்க்கிறவருக்குக் கண்மாய் வறண்ட பொட்டல், வரத்துக்கால் முள்ளடர்ந்த பள்ளம், பறவை எதுவும் இல்லை. அறிக்கையில் "குறிப்பிடத்தக்க நீர்நிலை இல்லை" என்று எழுதுவார்கள். பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. தப்பான மாதத்தில் பார்த்தாலே போதும்.

ஆகவே ஊர் செய்ய வேண்டியது: நவம்பர், டிசம்பரில் வரத்துக்கால் ஓடும்போதும் கலுங்கில் மறுகால் (கண்மாய் நிரம்பி வழியும் நீர்) பாயும்போதும் தேதியோடு படம் எடுத்து வைக்கணும். கண்மாய்ப் பெயர், மடை எண்ணிக்கை, கலுங்கு மட்டம், ஆயக்கட்டு (பாசனம் பெறும் பரப்பு), மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று ஒரு தாள். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் விவரம் நீர்வளத் துறையில் இருக்கும். குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்தில். கூடவே சுற்றியுள்ள பத்துக் கிணற்றில் மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம். கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்தால் போதும். மேலே மக்கிய பாறை அடுக்கில்தான் நம் கிணற்றுத் தண்ணீர் நிற்கிறது. 45 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 150 அடி. குவாரி அதற்குள் இறங்கி ஊற்றை வெட்டிவிட்டால், தேங்கும் தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே இறைப்பார்கள். பக்கத்துக் கிணறு அந்தக் குழிக்கே வடியும். முன்னாலேயே அளந்து வைக்காவிட்டால் பிறகு நிரூபிக்கவே முடியாது.

அடுத்து வண்டலிறங்கு குழி. மலையிலிருந்து குவாரியைச் சுற்றி இறங்கும் மழைநீர் சேரும் பரப்பு 4 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை நமக்குப் புதிதல்ல. பத்தில் ஏழு பங்கு ஓடி வந்தால் மணிக்கு 1,400 கன மீட்டர். கல்மாவு படிய அரை மணி நேரமாவது தண்ணீர் நிற்கணும்; அப்படியென்றால் 700 கன மீட்டர் குழி, அதாவது 20-க்கு 14 மீட்டர், ஆழம் 2.5. திட்டத்தில் 5-க்கு 3-க்கு 2 என்று ஒரு குழி வரைந்திருந்தால் அது 30 கன மீட்டர். முதல் மழையில் இரண்டு நிமிடத்துக்குள் நிரம்பி, வெள்ளைச் சேறு நேரே கண்மாய்க்குள் போகும். கல்மாவு வண்டல் மாதிரி அல்ல. உரமும் கிடையாது, காய்ந்தால் சிமெண்டுப் பத்து மாதிரி இறுகி, தண்ணீர் தரைக்குள் இறங்குவதையே தடுத்துவிடும்.

ஒருபோகம் எழுதியது:

அளவோடு எழுதியது ரொம்ப உதவி. ஒரு கேள்வி. அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தாயிற்றே, அதைக் காட்டி இந்த வட்டாரத்தையே காப்பாற்ற முடியாதா?

கழிஞ்சமலை எழுதியது:

முடியாது. முடியும் என்று நம்பி ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக விரிவாகவே சொல்கிறேன்.

2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது 193.215 ஹெக்டேர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர் நிலம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். ஏழு குன்றுகள், 72 ஏரி கண்மாய்கள், 200 சுனைகள், மூன்று தடுப்பணைகள். சுமார் 250 பறவை இனங்கள், லகர் வல்லூறும் ஷாகின் வல்லூறும் ராசாளிக் கழுகும் அதில் அடக்கம். தேவாங்கு, எறும்புதின்னி, மலைப்பாம்பு. கூடவே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைக் கோயில்.

இதற்குச் சட்ட அடிப்படை 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37-வது பிரிவு. அந்தப் பிரிவு வன உயிர்ச் சரணாலயம் மாதிரி தடைகளை அடுக்கவில்லை. ஊர்க்காரர்களின் வழக்கமான உழவு, மேய்ச்சலைத் தொடவில்லை என்பது அதன் நல்ல பக்கம். சுரங்கத்துக்கு நேரடித் தடை எழுதப்படவில்லை என்பது பலவீனமான பக்கம். 2021-ல் தமிழக அரசு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு இவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதியைத் திருத்தியது. 2022 டிசம்பரில் அதிலிருந்து காப்புக்காட்டை எடுத்துவிட்டார்கள்; இப்போது காப்புக்காட்டுக்கு 60 மீட்டர்தான். பாரம்பரியத் தலம் அந்தப் பட்டியலில் முதலிலிருந்தே இல்லை. அரசிடம் கேட்க வேண்டிய முதல் திருத்தம் இதுதான்: பட்டியலில் பாரம்பரியத் தலத்தைச் சேர், சுற்றிலும் இடைவெளி வை. அழகர்மலைக்கு அந்தப் பக்கம் நத்தம் வட்டத்தில் காசம்பட்டிக் கோயில்காடு 2025-ல் இரண்டாவது தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 4.97 ஹெக்டேர்தான். சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஐந்து ஹெக்டேர் காட்டை எப்படிக் காப்பது?

டங்ஸ்டன் தொகுதியில் இந்த 193 ஹெக்டேர் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை, 9.6 சதவீதம். அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்தால் என்ன என்ற பேச்சு வந்ததும் இதனால்தான். சுனைக்கு நீர் சேர்வது எல்லைக் கோட்டுக்கு வெளியே விழும் மழையிலிருந்தும்தான். கோட்டுக்கு உள்ளே கை வைக்காமலே சுனையை வற்ற வைக்கலாம்.

வெடி பற்றி ஒன்று. தொல்லியல் சின்னத்துக்கு 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்பது மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு. அது அதிர்வை வைத்துப் போட்ட அளவல்ல. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி, குறைந்த அதிர்வெண்ணில் (8 ஹெர்ட்சுக்குக் கீழ்) பழமையான கட்டுமானத்தில் நில அதிர்வு வினாடிக்கு 2 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது; சாதாரண வீட்டுக்கு 5. குடைவரை மலையோடு ஒட்டிய ஒரே கல், அதிர்வு மலை வழியாகவே வந்து சேரும். ஆகவே மனுவில் "300 மீட்டருக்கு மேல் இருக்கிறது" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். கோயிலிலேயே கருவி வைத்து அளந்து தரச் சொல்லுங்கள், ஒரு தாமதத்துக்கு (ஒரே நேரத்தில் சேர்ந்து வெடிப்பதற்கு) எத்தனை கிலோ வெடிமருந்து என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கப்பலூர்_லேத் எழுதியது:

எதிர்ப்பக்கத்தையும் பேசணும். டங்ஸ்டன் இல்லாமல் பட்டறை ஓடாது. லேத், மில்லிங் எல்லாவற்றிலும் வெட்டு முனை டங்ஸ்டன் கார்பைடு. பாறை துளைக்கும் பிட் முனையும் அதுதான். குவாரி அண்ணனுக்கும் அது வேண்டும். உலக உற்பத்தியில் பெரும்பகுதி சீனாவில். அவர்கள் ஏற்றுமதியை இறுக்கினால் விலை ஏறுவதை முதலில் உணர்வது சின்னப் பட்டறைதான். நாட்டுக்கு இது தேவையில்லை என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன்.

பிரிவு16 எழுதியது:

தேவை இல்லை என்று இங்கே யாரும் சொல்லவில்லை சார். யார் முடிவெடுப்பது என்பதுதான் சிக்கல். 2023-ல் கனிமச் சட்டத்தில் 11-டி பிரிவைச் சேர்த்து, முதல் அட்டவணை டி பகுதியில் உள்ள 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. வருவாய் மாநிலத்துக்கு வரும். ஏலம் மட்டும் மத்திய அரசு நடத்தும். ஏலத்துக்கு முன் ஊரைக் கேட்க வேண்டும் என்று அதில் இல்லை. 2025 செப்டம்பர் 8-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் இன்னொரு படி போய், அணுக் கனிமங்களுக்கும் இந்த முக்கியக் கனிமங்களுக்கும் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. நாளை வேறு எல்லைக்கோட்டோடு அதே தொகுதி திரும்பி வந்தால், ஒலிபெருக்கி வைத்து ஊர் பேசுவதற்கான சட்டப்படியான கூட்டம் ஒன்றுகூட நடக்காது. இது தவறு என்பதைத் தயங்காமல் சொல்வேன். கருத்துக்கேட்புக் குழுவுக்கு மறுக்கும் அதிகாரமே கிடையாது, பதிவு செய்வது மட்டுமே அதன் வேலை. அதையும் எடுத்துவிட்டால் கண்மாய்க்கரை சொன்ன "தப்பான மாதம்" மாதிரியான பிழையை யார் சுட்டிக்காட்டுவது?

கப்பலூர்_லேத் எழுதியது:

அதில் உங்களோடு உடன்படுகிறேன். நான் சொல்ல வந்த இன்னொன்று. பாறையில் டங்ஸ்டன் சதவீதம் மிகக் குறைவு. 0.2 சதவீதத் தாது என்றால் ஒரு டன் பாறையை மாவாக அரைத்தால் 2 கிலோ டங்ஸ்டன் ஆக்சைடு. மிச்சம் 998 கிலோ நைந்த சேறு, அணை கட்டித் தேக்கி வைக்கணும். தேய்ந்துபோன கார்பைடு முனையை எடுத்துக்கொண்டால் எடையில் எண்பது சதவீதத்துக்கு மேல் டங்ஸ்டன் கார்பைடே. துத்தநாகத்தோடு சூடாக்கிப் பிரித்து மறுபடி தூளாக்கும் முறை உலகம் முழுக்க நடைமுறையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு 16,300 கோடி. அதன் கீழ் மறுசுழற்சி ஊக்கத்தொகைக்கு அதே ஆண்டு செப்டம்பரில் 1,500 கோடி. கப்பலூரிலும் கோவையிலும் பட்டறைக்குப் பட்டறை டப்பாவில் கிடக்கும் முனைகளை முறையாகச் சேகரிக்க ஒரு கிடங்கு வைத்தால் அதுவும் ஒரு சுரங்கம்தான். பட்டறைகள் செய்ய வேண்டியது: கார்பைடையும் எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) துண்டையும் ஒன்றாகப் போடாமல் பிரித்து வைப்பது, பித்தளை ஒட்டுள்ள முனையைத் தனியாக வைப்பது. கலந்தால் விலை பாதியாகிவிடும். நாட்டின் முழுத் தேவைக்கும் இது போதாது என்பது உண்மை. ஆனால் ஐயாயிரம் ஏக்கரைக் கேட்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை இது.

ஒருபோகம் எழுதியது:

டெல்டாவுக்கு இருக்கிற மாதிரி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக மேலூரையும் அறிவிக்கச் சொல்லி இங்கே பலரும் கேட்கிறார்கள். அது வந்தால் எல்லாம் சரியாகுமா?

பிரிவு16 எழுதியது:

2020-ம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துவிட்டுக் கேளுங்கள். தடை செய்யப்பட்டவை: துத்தநாக, செம்பு, அலுமினிய உருக்காலைகள், இரும்புத் தாது ஆலை, எஃகு ஆலை, தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயு துளையிடல், கப்பல் உடைத்தல் போன்றவை. உடைகல் குவாரி அதில் இல்லை. கிரானைட் இல்லை. டங்ஸ்டனும் இல்லை. டெல்டாவின் பயம் மீத்தேனும் ஹைட்ரோகார்பனும். அதை வைத்து எழுதிய பட்டியல். அப்படியே மேலூருக்கு நீட்டினால் பெயர் கிடைக்கும், பாதுகாப்புக் கிடைக்காது. கோரிக்கையில் "மேலூருக்கு நீட்டி, அட்டவணையில் கண்மாய் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கனிமம் எடுப்பதையும் சேர்க்க" என்று எழுதினால்தான் பொருள் உண்டு.

நீலக்கல் எழுதியது:

நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்க என்றால் மேலூர் வட்டத்தில் எந்த மூலையிலும் கல் எடுக்க முடியாது. இங்கே ஒரு இடம் ஒரு கண்மாய்க்கு நீர்ப்பிடிப்பு இல்லையென்றால் இன்னொரு கண்மாய்க்கு. வரத்துக்காலின் இருபுறமும் இத்தனை மீட்டர், கண்மாயின் முழுக்கொள்ளளவு எல்லையிலிருந்து இத்தனை மீட்டர் என்று கேளுங்கள். அளக்கக்கூடியதைக் கேட்டால்தான் அதிகாரியும் அமல்படுத்துவார், நீதிமன்றமும் ஏற்கும்.

கண்மாய்க்கரை எழுதியது:

அண்ணே, இதில் உங்களோடு பாதிதான் உடன்பாடு. மீட்டர் கணக்கு வேண்டும், சரி. ஆனால் ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்து. மேலே உள்ள ஒன்றில் சேறு நிறைந்தால் கீழே ஐந்தாறு கண்மாய் பாதிக்கும். தனித்தனிக் குவாரிக்கு மீட்டர் போட்டால் இந்தத் தொடர் கணக்கில் வராது. கண்மாய்த் தொடருக்கு மொத்தமாக இத்தனை ஹெக்டேருக்கு மேல் வெட்டக்கூடாது என்று உச்சவரம்பும் வேண்டும்.

நீலக்கல் எழுதியது:

உச்சவரம்பு நியாயம். அதை மறுக்க மாட்டேன்.

அப்படி வரம்பு போட்டால் கல்லுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துக் கேட்கணும். மேலூர்ப் பக்கம் பழைய கிரானைட் குவாரிகளைச் சுற்றிக் கழிவுக்கல் மலையாகக் கிடக்கிறது. அடுக்குக்கல்லுக்கு ஆகாத துண்டு, வெடிப்புள்ளது, நிறம் கலந்தது எல்லாம் அங்கேதான். ஜல்லிக்கு அதில் பெரும்பகுதி தாராளமாக ஆகும். தாக்கு மதிப்பு (அடித்தால் எவ்வளவு நொறுங்குகிறது என்ற சதவீதம்) 45-க்குள் இருந்தால் கான்கிரீட்டுக்குச் சரி, சாலை மேல்தளம் மாதிரித் தேயும் பரப்புக்கு 30-க்குள். இடையூறு என்னவென்றால் வழக்கில் உள்ள கல் எது, கழிவு எது என்று பிரிக்காமல் கிடக்கிறது. 2012-ல் தொடங்கிய கிரானைட் முறைகேட்டு விசாரணையின் தொடர்ச்சியாக ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயம் உயர் நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது 2015-ல். அரசு அளந்து, எண் போட்டு, கழிவை மட்டும் ஏலம் விட்டால் புது மலையை வெட்டாமல் வருவாய் வரும்.

கட்டட இடிபாடும் அப்படித்தான். ஐ.எஸ். 383 (2016) என்ற இந்தியத் தரநிலைப்படி எம்25 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்) வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் இருபது சதவீதம் வரையும், கம்பி இல்லாததில் 25 சதவீதம் வரையும், எம்15-க்குக் கீழே முழுவதுமாகவும் மறுசுழற்சி ஜல்லி போடலாம். ஒப்பந்தப் புள்ளியில் இதைக் கட்டாயமாக்கினால் இடிபாடு வைகைக் கரைக்கும் கண்மாய் உள்வாய்க்கும் போகாது.

எம்-சாண்ட் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரஷர் தூசியை எம்-சாண்ட் என்று வாங்காதீர்கள். 75 மைக்ரான் சல்லடையில் இறங்குவது 15 சதவீதத்துக்குள் இருக்கணும். கழுவித்தான் அந்த அளவுக்குக் கொண்டுவர முடியும் என்றால், கழுவிய சேற்றுக்குத் தொட்டி எங்கே என்று கிராமசபை கேட்கணும்.

ஒருபோகம் எழுதியது:

லாரிக் கணக்கை யாராவது போட்டுக் கொடுங்களேன். ஊருக்கு அதுதான் உடனே புரியும்.

நீலக்கல் எழுதியது:

மனுப்படி 3 லட்சம், ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு 60 ஆயிரம். 300 வேலை நாள் என்றால் நாளைக்கு 200 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.65 டன், மொத்தம் 530 டன். டிப்பருக்கு 20 டன் போட்டால் 26, 27 நடை. போக வர 53 தடவை. பத்து மணி நேரத்தில் பதினோரு நிமிடத்துக்கு ஒரு டிப்பர் பள்ளிக்கூடத்தைத் தாண்டும். ஊராட்சிச் சாலை இந்தப் பாரத்துக்குப் போட்டதல்ல. முதலில் ஓரம் உடையும், பிறகு நடுவில் பள்ளம். தனிப்பாதை, தார்ப்பாய், நாளைக்கு இத்தனை முறை தண்ணீர் தெளிப்பு, அந்தத் தண்ணீர் எந்த மூலத்திலிருந்து என்று எழுதி வாங்குங்கள். ஊர்க் கிணற்றிலிருந்து என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கண்மாய்க்கரை எழுதியது:

"பொருளாதாரம்" என்றால் குவாரி மட்டும்தான் என்று பேச்சு போகிறது, கண்மாயையும் கணக்கில் வையுங்கள். 10 ஹெக்டேர் கண்மாயில் ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் வண்டல் எடுத்தால் 30 ஆயிரம் கன மீட்டர். கொள்ளளவு ஒரு மில்லியன் கன அடிக்குச் சற்று மேல் கூடும். ஒரு நிரப்புக்கு நெல் ஆறு ஏக்கர்தான் அதிகம் பாயும், இதை மிகைப்படுத்த வேண்டாம். ஆனால் எடுத்த வண்டல் நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் என்ற விதிப்படி 400 ஏக்கருக்குப் போகும். ஏக்கருக்குச் சுமார் 26 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி), நிலத்தில் இரண்டு சென்டிமீட்டர் கனம். புஞ்சைக்கு 90 கன மீட்டர், மண்பாண்டத்துக்கு 60. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம், விண்ணப்பம் இணையத்தில்.

எடுக்கும்போது கெடுவது எங்கே என்றால், கரையடியில் தோண்டுவது. கரையை ஒட்டி இடம் விடாமல் தோண்டினால் கரை உட்காரும். மடைக்கு முன்னால் ஆழமாகத் தோண்டினால் மடைமட்டத்துக்குக் கீழே தண்ணீர் தங்கிப் பாசனத்துக்கு வராது. வண்டலைத் தாண்டிக் கிராவலைத் தொட்டால் தண்ணீர் நிற்காது. கிராவல்தான் விலை போகும் என்பதால் அங்கேதான் கையும் நீளும். நிறம் மாறியதும் பொக்லைனை நிறுத்த ஒரு ஆள் நிற்கணும்.

ஒருபோகம் எழுதியது:

தீர்மானத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்.

"மூன்று குத்தகையும் சேர்ந்து 5.4 ஹெக்டேர் என்பதால் பி1 வகையாகக் கருதிக் கருத்துக்கேட்பு நடத்த வேண்டும். படிகளோடு கணக்கிட்டால் கிடைக்கும் 2.22 லட்சம் கன மீட்டருக்கு மேல் அனுமதிக்கக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான நீர், பறவைத் தரவு சேர்க்கப்பட வேண்டும். வண்டலிறங்கு குழி 700 கன மீட்டருக்குக் குறையக் கூடாது. பத்துக் கிணறுகளின் நீர்மட்டம் இணைப்பில் உள்ளது. ஆண்டுக்கு இருமுறை ஊராட்சி முன்னிலையில் அளக்க வேண்டும்."

பிரிவு16 எழுதியது:

நன்றாக இருக்கிறது. மூன்று விஷயம் சேருங்கள்.

"கருதி" என்பதற்குப் பதில் ஒவ்வொரு குத்தகையும் வழங்கப்பட்ட தேதியை எழுதுங்கள். இல்லையென்றால் 2013 ஓட்டையில் விழும். தேதி கிடைக்காவிட்டால் 10 ரூபாய் வில்லை ஒட்டி தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் வரணும். தீர்மான நகல் மாவட்ட ஆட்சியருக்கு மட்டும் போனால் போதாது. மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கிராமசபைக்கு இங்கே தடுக்கும் அதிகாரம் சட்டத்தில் இல்லை. பிறகு பசுமைத் தீர்ப்பாயத்தில் "முன்பே சொன்னோம்" என்று காட்டும் ஆவணம் அது.

கருத்துக்கேட்பு வந்தால் 30 நாள் முன்னறிவிப்பு இருக்கணும், தமிழ் நாளிதழ் ஒன்றிலும் வரணும், தமிழ்ச் சுருக்கம் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கணும். கூட்டம் முடிந்ததும் பதிவை அங்கேயே தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்காமல் எழுந்து போகவிடாதீர்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால் ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழில் விளம்பரம் வரணும். அன்றிலிருந்து 30 நாள், காரணம் காட்டினால் மேலும் 60 நாள். சென்னைத் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 16-வது பிரிவின்படி மேல்முறையீடு. 91-வது நாள் போனால் கதவு மூடியிருக்கும். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். குவாரி ஓட ஆரம்பித்தால் ஜூன் 1, டிசம்பர் 1 இரண்டு தேதியிலும் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தாக்கல் செய்யணும். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பார்த்து, அதில் எழுதிய குழி அளவையும் தரையில் உள்ள குழியையும் டேப் பிடித்து ஒப்பிடுங்கள்.

கண்மாய்க்கரை எழுதியது:

கிணற்றை அளக்கும்போது ஒரு சின்ன விஷயம். காலையில், மோட்டார் போடுவதற்கு முன் அளக்கணும். ஓடி நின்ற உடனே அளந்தால் மட்டம் இறங்கியிருக்கும், அந்த எண்ணை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். அளக்கும் புள்ளியைக் கிணற்றுச் சுவரில் பெயிண்டால் குறித்து, ஒவ்வொரு முறையும் அதே புள்ளியிலிருந்து இறக்குங்கள்.

ஒருபோகம் எழுதியது:

குறித்துக்கொண்டேன் அண்ணே. இந்த மாதமே பத்துக் கிணற்றுக்கும் குறி போட்டுவிடுகிறோம்.